"இருட்டறதுக்குள்ள வந்துடு" இங்கே செல்லாது: இங்கிலாந்துக்கு வரும் தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோருக்கு

வீடு, பள்ளிக்கூடம், ஜி.பி. (குடும்ப டாக்டர்) பதிவு எல்லாம் முதல் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஒரு நாள், "சனிக்கிழமை எல்லாரும் சினிமாவுக்குப் போறாங்க, நானும் போகட்டுமா?" என்று பிள்ளை கேட்கும். அந்த 'எல்லாரும்' யார் யார் என்பதில்தான் உங்களுக்குத் தூக்கம் போகும்.

ஊரில் பிள்ளைகளைக் காவல் காத்தது உங்கள் கண்டிப்பு மட்டுமல்ல. பென்னாகரம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு அப்பா பேர் தெரியும். காவேரிப்பட்டணத்தில் யாரோடு நின்று பேசினாலும், பிள்ளை வீடு திரும்புமுன் சேதி வந்துவிடும். அதனால் என்ன கூடும், என்ன கூடாது என்று வாய்விட்டுச் சொல்லும் அவசியமே வரவில்லை. இங்கே அந்தக் கண்கள் இல்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

பாட்டி காலத்தில் ஆணும் பெண்ணும் 'பழகுவது' என்ற பேச்சே கிடையாது. வயசுக்கு வந்ததும் முறைமாமன் பேச்சுதான். 1929 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்திருந்தது, 1978இல்தான் அது 18 ஆனது. அம்மா காலத்தில் நோட்டுக்குள் கடிதம், பிடிபட்டால் படிப்பு நின்றது. பிறகு ஓசூர் கம்பெனி வேலை, பெங்களூரு ஹாஸ்டல், செல்போன் என்று ஊரே மாறிவிட்டது. 2008இல் கிளம்பியவர் 2008ஆம் வருஷத்து விதியையே கையில் பிடித்திருப்பார். ஓசூரில் இருக்கும் அவருடைய அண்ணன் மகளோ காபி கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பாள். உங்கள் பிள்ளை வீடியோ காலில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை அடுத்து நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. நம் பக்கத்துப் பெற்றோரின் பயத்தில் பாதி 'பழகுவது' பற்றியதல்ல, 'யாரோடு' என்பது பற்றியது. பிள்ளையிடம் "படிப்பு கெடும்" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் சாதியை நினைத்தால், அது கண்டுபிடித்துவிடும். அதன்பின் படிப்பு பற்றி நீங்கள் நியாயமாகச் சொல்வதும் எடுபடாது.

முதலில் நேரம். "இருட்டறதுக்குள்ள வந்துடு" என்பது ஊருக்குப் பொருந்தும். லண்டனில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஜூனில் ஒன்பதைத் தாண்டும். கடிகார நேரத்தைச் சொல்லுங்கள். இயர் 9 பிள்ளைக்கு (13, 14 வயது) பகல் காட்சி, கூட்டமாகப் போவது, ஆறு மணிக்குள் வீடு என்பது பெரும்பாலும் சண்டையில்லாமல் நடக்கும். யாரோடு, எங்கே, எப்படித் திரும்புவது, போனில் சார்ஜ் இருக்கிறதா: இந்த நாலு கேள்வி போதும். ஐந்தாவது கேள்விக்குப் பொய் வர ஆரம்பிக்கும்.

வார்த்தைகளைக் கேட்டுப் பதறாதீர்கள். 'டாக்கிங்' என்றால் சில வாரமாக ஸ்னாப்சாட்டில் பேசிக்கொள்கிறார்கள். 'கோயிங் அவுட்' என்பது 13 வயதில் பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடப்பதாக மட்டும் இருக்கலாம். "யாரு கண்ணு, எந்த கிளாஸு?" என்று கேட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருங்கள்.

இயர் 11 முடிவில் பிராம் (பள்ளி நடத்தும் பிரிவு உபசார நடன விருந்து) வரும். ஜோடியாகப் போக வேண்டும் என்று இல்லை, தோழிகள் கூட்டமாகப் போவது சகஜம். கவனிக்க வேண்டியது பிராம் அல்ல, அதற்குப் பிறகு யார் வீட்டிலாவது நடக்கும் பார்ட்டி. குடி வருவது அங்கேதான். அந்த வீட்டில் பெரியவர் இருப்பாரா என்று அவருக்கே போன் போட்டுக் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிள்ளைக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்றால் அனுப்ப ஒரு குறிச்சொல்லும் பேசி வையுங்கள். அது மெசேஜில் வந்தால் நீங்களே கூப்பிட்டு "உடனே வீட்டுக்கு வா" என்று அதட்டுங்கள். பழி உங்கள் மேல் போகட்டும். அன்றிரவு காரில் விசாரணை கூடாது. செய்தால் அடுத்த முறை மெசேஜ் வராது.

போனைப் பிடுங்கினால் தோழியின் போனில் இரண்டாவது கணக்கு பிறக்கும். இரவு பத்துக்கு மேல் எல்லாருடைய போனும், உங்களுடையதும், ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். 18 வயதுக்குக் கீழானவரின் நிர்வாணப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் குற்றம், தன் படமே ஆனாலும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் 'ஆதாரத்துக்கு' என்று உங்கள் போனுக்கு மாற்றாதீர்கள். பள்ளியின் சேஃப்கார்டிங் (பிள்ளைகள் பாதுகாப்பு) பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். இணையத்திலிருந்து நீக்க, பிள்ளைகளுக்கான உதவி அமைப்பான சைல்டுலைனின் 'ரிப்போர்ட் ரிமூவ்' சேவை இருக்கிறது. பிள்ளை தானே பேச நினைத்தால் சைல்டுலைன் எண் 0800 1111, இலவசம்.

சட்டத்தில் நம்மவர் இடறும் இடங்கள் சில. உடலுறவுக்குச் சம்மத வயது 16. ஆனாலும் 16க்குக் கீழுள்ள பிள்ளை விஷயம் புரிந்து பேசினால், டாக்டர் உங்களிடம் சொல்லாமலே கருத்தடை ஆலோசனை தரலாம். மேல்நிலைப் பள்ளிகளில் உறவுக் கல்வி 2020 செப்டம்பரிலிருந்து கட்டாயம். பாலியல் கல்விப் பகுதிக்கு மட்டும் விலக்கு கேட்கலாம். 16 வயதாக மூன்று டெர்ம் (பள்ளிப் பருவம்) இருக்கும்போதிலிருந்து முடிவு பிள்ளையுடையது. 2023 பிப்ரவரியிலிருந்து 18க்கு முன் கல்யாண ஏற்பாடு செய்வது குற்றம். பிள்ளை சம்மதித்தாலும், பதிவே இல்லாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டினாலும் அப்படித்தான். தாய்மாமன் முறையில் அக்கா மகளைக் கட்டுவது ஊரில் வழக்கம்; இங்கே அந்த உறவில் திருமணமே முடியாது.

"ஊருக்கு அனுப்பிக் கட்டி வெச்சிடுவேன்" என்று கோபத்தில் சொன்னது பள்ளியில் பிள்ளை வாயால் வந்தால், ஆசிரியர் அதை வெறும் கோபமாக எடுத்துக்கொள்ள முடியாது, மேலே தெரிவித்தே ஆக வேண்டும். கட்டாயத் திருமணம் 2014 முதல் இங்கே தனிக் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது 16, 17 வயதுப் பிள்ளைக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அழைத்துப் போங்கள். இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான) சட்டப்படி 18 வரை குழந்தைதான். இருவரும் விரும்பிப் பழகினாலும், உறவுக்காரர் ஒருவர் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், இங்கிலாந்தில் 16 என்று சொல்வது அங்கே உதவாது.