பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் ஆகஸ்ட் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால், பழைய தங்கச் சுரங்க மண்மேடுகளிலிருந்து மஞ்சள் தூசி கிளம்பி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சன்னலை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் வரும். அந்த ஊரின் லெனேஷியா பகுதியில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் வேறு. விளக்குமாறும் ஈரத்துணியும் போதும் என்று வளர்ந்தவனுக்கு அது புதுத் தலைவலி. வீட்டுக்கார ஆன்ட்டி தன் பழைய வேக்குவம் கிளீனரைக் கொடுத்தார். புல்வெட்டும் மெஷின் மாதிரி கைப்பிடியைப் பிடித்து நின்றபடியே தள்ளுகிற ரகம். "சத்தம் நல்லாப் போடும் தம்பி, குப்பையைத்தான் எடுக்காது. மோட்டார் போச்சு போல" என்றார்.

மோட்டார் போகவில்லை, பெல்ட்தான் அறுந்திருந்தது. மாற்றினேன். மூன்றாவது வாரம் அதுவும் அறுந்தது. இன்னொன்று வாங்கிப் போட்டேன், அது பத்து நாள்கூடத் தாங்கவில்லை. கடையில் மட்டமான பெல்ட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஆன்ட்டியும் நானும் சேர்ந்து திட்டினோம். பெல்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது எனக்குப் புரிய இன்னொரு பெல்ட் செலவானது. அந்த அனுபவத்தில் கற்றவற்றோடு, அப்புறம் அக்கம்பக்கத்து மெஷின்களைத் திறந்து பார்த்தபோது தெரிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அடித்தலையில் ஓர் உருளை இருக்கும். அதில் சுருள் வரிசையாக முள்முடி நட்டிருப்பார்கள். அந்த உருளை சுழன்று கார்ப்பெட்டைத் தட்டிக் கிளப்ப, கிளம்பிய தூசியைக் காற்று உறிஞ்சிக்கொள்கிறது. 1908இல் ஒஹையோவின் கேன்டன் நகரத் துப்புரவுப் பணியாளர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர் காப்புரிமை வாங்கியதும் உறிஞ்சுதலோடு சுழலும் பிரஷ்ஷையும் சேர்த்த மெஷினுக்குத்தான். அந்த உரிமையை வாங்கியவர் தோல் வியாபாரி ஹூவர். சாதாரண ரகங்களில் காற்றை இழுக்கும் மோட்டாரே பிரஷ்ஷையும் சுழற்றுகிறது. மோட்டாரின் தண்டு விரல் கனம்கூட இருக்காது, ஆனால் பிரஷ்ஷைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றும். இந்த இரண்டையும் இணைக்கிற ரப்பர் வளையம்தான் பெல்ட்.

ஆன்ட்டி செய்த தவறைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். குப்பை வரவில்லை என்றதும் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டி, மெஷினைத் தெருவில் வைத்துவிடுகிறார்கள். மோட்டார் உண்மையில் போயிருந்தால் சத்தமே வராது, அல்லது உறுமலும் தீப்பொறி வாடையுமாக வரும். பெல்ட் அறுந்தால் நேர் எதிர். சுமை குறைந்ததால் மோட்டார் முன்பைவிடக் கொஞ்சம் கீச்சென்று உற்சாகமாகவே ஓடும். குழாய் முனையில் கையை வைத்தால் இழுப்பு இருக்கும், கார்ப்பெட்டில் மட்டும் நாய்முடி அப்படியே கிடக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் பெல்ட் மேல்தான் விழவேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினைக் கவிழ்த்து, பிரஷ்ஷைக் கையால் சுற்றிப் பாருங்கள். காற்றாடி மாதிரி சுதந்திரமாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கிறது அல்லது நழுவியிருக்கிறது. மோட்டாரையும் சேர்த்து இழுக்கிற கனம் தெரிந்தால் பெல்ட் இருக்கிறது, ஆனால் தளர்ந்திருக்கலாம். அசையவே மறுத்தால் பிரஷ் சிக்கியிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் புதுப் பெல்ட் வாங்கிப் போட்டால் அதுவும் கருகத்தான் போகிறது.

'பிளக்கைக் கழற்றிவிட்டு' என்று சொன்னேன் அல்லவா, அதைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது, அதுவும் இந்த நாட்டில். 2023இல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போன நேரத்தில்தான் பலர் இந்த மாதிரி வீட்டு வேலைகளை எடுத்துவைத்துக்கொண்டார்கள். கரண்ட்தான் இல்லையே என்று பிளக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். பாதி வேலை நடக்கும்போது கரண்ட் போயிருக்கும், மெஷின் சுவிட்ச் ஆன் நிலையிலேயே நின்றிருக்கும். அடிமூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டிருக்கும் நேரத்தில் 230 வோல்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுவரில் சுவிட்சை அணைப்பதும் போதாது. ஊரில் ஏசிக்கும் கெய்சருக்கும் போடுகிற மாதிரியான அந்தத் தடித்த மூன்று கால் பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சரி, திறந்தாயிற்று. அறுந்த பெல்ட் கையில் வந்ததும் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நானும் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். பழைய பெல்ட் ஏன் அறுந்தது என்பதற்கான தடயம் அந்த ரப்பரிலேயே இருக்கும். வெளிச்சத்தில் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள்.

ஓரிடத்தில் மட்டும் உருகி, கருத்து, மெலிந்து அறுந்திருக்கிறதா? பிரஷ் ஏதோ சிக்கி நின்றுபோயிருக்கிறது. மோட்டார் தண்டு நிற்காமல் சுற்ற, பெல்ட்டும் அசையாமல் நிற்க, தண்டு ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுட்டுவிட்டது. ரப்பர் கருகும் வாடை வருவதும் அப்போதுதான். சில விநாடிகள் போதும். ஒரு பக்க ஓரம் மட்டும் பிசிர்பிசிராக இருந்தால் பெல்ட் நேர்க்கோட்டில் ஓடவில்லை. பிரஷ்ஷின் ஒரு முனை அதன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருந்திருக்கும், அல்லது பெல்ட் உருளையின் கூடுமுனையை உரசியிருக்கும். சுற்றிலும் மெல்லிய வெடிப்புகள், வளைத்தால் பொறுபொறுவென்று உதிர்கிறது என்றால் அது வெறும் மூப்பு, கவலை வேண்டாம். அறாமலேயே தொளதொளவென்று நீண்டு, உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கினால், ரொம்ப நாளாக நழுவிக்கொண்டு இருந்திருக்கிறது. இதுதான் ஏமாற்றும் ரகம். தூக்கிப் பிடித்துப் பார்த்தால் பிரஷ் அழகாகச் சுற்றும், கார்ப்பெட்டில் வைத்ததும் நின்றுவிடும். பல்வைத்த பெல்ட் என்றால் நீளாது. அதில் இரண்டு மூன்று பற்கள் சீவிவிட்ட மாதிரி போயிருந்தால், உள்ளே திடீரென்று ஏதோ மாட்டியிருக்கிறது.

என்னுடைய மூன்றாவது பெல்ட் ஓரிடத்தில் கருகியிருந்தது. அப்போதுதான் பிரஷ்ஷை முழுவதுமாக வெளியே எடுத்தேன். அதுவரை மேலே தெரிந்த முடியை மட்டும் கத்தரித்துவிட்டுத் திருப்திப்பட்டிருந்தேன். உருளையின் இரு முனைகளிலும் மூடி மாதிரி ஒன்று இருக்கும், அதற்குள்தான் பேரிங். மூடியைக் கழற்றினால் உள்ளே கயிறாகவே முறுக்கிக்கொண்டு கிடந்தது நீளமான தலைமுடி. அதோடு சாமந்தி மாலை கோத்த நூல், புடவை முந்தானைக் குஞ்சத்து இழை, ஆன்ட்டி வீட்டு நாயின் முடி. காவடிக்கு வீட்டில் மாலை கட்டிய மறுநாள் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்ததன் பலன். பூஜை அறைப் பக்கம் தள்ளுவதற்கு முன் நூலையும் நாரையும் கையால் பொறுக்கிவிடுங்கள். நம் வீடுகளில் பெல்ட்டுக்கு முதல் எதிரி அதுதான்.

முடியை இழுத்துப் பிடுங்காதீர்கள், முள்முடியும் சேர்ந்து வரும். தையல் பிரிக்கும் கருவி அல்லது சிறிய கத்தரிக்கோலால் உருளையின் நீளவாக்கில் வெட்டிவிட்டால் தானே பிரிந்துவிடும். சுத்தம் செய்தபின் இரு முனைகளையும் விரல்களில் பிடித்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டுங்கள். சத்தமில்லாமல் சில சுற்று ஓடி நிற்கவேண்டும். கரகரவென்றால், அல்லது அரைச்சுற்றில் நின்றால், பேரிங் போய்விட்டது. அப்போது மாற்றவேண்டியது பேரிங்கை, பல ரகங்களில் முழுப் பிரஷ்ஷையே. மூடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உருகிய தடம் தெரிந்தாலும் இதே முடிவுதான்.

இன்னோர் இடத்தை யாரும் பார்ப்பதில்லை. மோட்டார் தண்டில் பழைய ரப்பர் உருகி, பாகு காய்ந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புதுப் பெல்ட்டை மாட்டினால் தண்டின் கனம் மாறி, பெல்ட் தடுமாறி ஓடும். மரக்குச்சியால் அல்லது பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் சுரண்டி எடுங்கள். கத்தி வேண்டாம், கீறல் விழுந்தால் அதுவே பெல்ட்டை அரிக்கும். கீச்சென்று சத்தம் வருகிறதே என்று பெல்ட்டுக்கு எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. எண்ணெய் ரப்பரை ஊதவைத்துப் பதமாக்கிவிடும், போதாததற்கு வழுக்கவும் வைக்கும். பவுடர் போடுவதும் அப்படித்தான். பெல்ட் பிடித்து ஓடவேண்டிய பொருள், வழுக்கி ஓடவேண்டியது அல்ல.

வாங்கும்போது பழைய பெல்ட்டைக் கொண்டுபோய் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குவது அடுத்த பிழை. பழையது நீண்டுபோனது, அதற்குச் சமமாக வாங்கினால் புதிதிலேயே தொளதொளப்பாக ஒன்றை வாங்கி வருவீர்கள். பெல்ட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணையும், மெஷினின் முதுகிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூடப் பொருந்தாது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டுவது, தையல் மெஷின் பெல்ட்டைப் போடுவது போன்ற நம்மூர்க் கைவைத்தியங்களை நானும் முயன்றேன். டியூப் வளையம் ஒரு அறையைத் தாண்டவில்லை. மலிவு என்று பத்துப் பெல்ட் வாங்கிக் குவிப்பதும் வீண், ரப்பர் பெட்டிக்குள்ளேயே வயதாகும். இரண்டு போதும். அதிலும் டர்பன் வெயிலில் கார் டிக்கியில் வைத்திருந்தால் அந்த இரண்டும் தேறாது.

மாட்டும்போது முதலில் மோட்டார் தண்டு, அப்புறம் பிரஷ்ஷின் பள்ளம், கடைசியாகப் பிரஷ்ஷை இழுத்து அதன் இருக்கையில் பொருத்துவது. தட்டைப் பெல்ட் புதிதில் இறுக்கமாகவே இருக்கும், சைஸ் தப்போ என்று பயப்படவேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய மாடல்களில் மட்டும் வேண்டுமென்றே திருகி மாட்டவேண்டும், அதற்கு அடிமூடியில் அம்புக்குறியோ படமோ இருக்கும். அங்கே திருப்பம் மாறினால் பிரஷ் எதிர்ப்பக்கம் சுற்றும், குப்பையை உங்கள் காலை நோக்கி வீசாமல் முன்பக்கம் தெறிக்கவிடும். சரியாக மாட்டிய மெஷின் கார்ப்பெட்டில் தானாகவே கொஞ்சம் முன்னால் இழுக்கும், கையில் தெரியும். மூடுவதற்கு முன் பிரஷ்ஷைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, பெல்ட் நடுவிலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுகிற விதத்திலும் பெல்ட் சாகும். நன்றாகச் சுத்தமாகட்டும் என்று உயரத் திருகை அடிமட்டத்தில் வைத்து அடர்த்தியான கார்ப்பெட்டில் அழுத்தினால் பிரஷ் புதைந்து நிற்கும். முள்முடி நுனி கார்ப்பெட்டைத் தொட்டால் போதும். விரிப்பின் குஞ்சத்து ஓரத்தில் ஏற்றாதீர்கள்.

எல்லாக் கோளாறும் பெல்ட் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது மொத்தமாக நின்று, அரைமணி கழித்துத் தானே ஓடினால் அது சூட்டுக்கு நிற்கும் பாதுகாப்பு. பை நிறைந்திருக்கும் அல்லது குழாய் அடைத்திருக்கும். சில மெஷின்களில் பிரஷ்ஷுக்குத் தனி மோட்டார், அடித்தலையில் ஒரு ரீசெட் பொத்தான் இருக்கும். கிளட்ச் வைத்த ரகங்களில் பிரஷ் சிக்கினால் டகடகவென்று பெரிய சத்தம் வரும். அது கிளட்ச் பெல்ட்டைக் காப்பாற்றுகிற சத்தம், உடனே அணைத்துச் சிக்கலை எடுத்தால் போதும்.

கடையில் கொடுத்துத்தான் சரிசெய்வேன் என்றாலும் தவறில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வையுங்கள். பழுது பார்க்கும்போது போட்ட புதுப் பாகத்துக்கும் அந்தக் கூலிக்கும் 3 மாத உத்தரவாதம் சட்டப்படி உண்டு. கழற்றிய பழைய பாகத்தையும் அவர்கள் எடுத்துவைத்து உங்களிடம் திருப்பித் தரவேண்டும். நம் ஆட்கள் கூச்சப்பட்டுக் கேட்பதில்லை. கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் கருகியிருந்தால், பிரஷ் முனை மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள்.