அழற்சி மரபணுக்களும் புராஸ்டேட் புற்றுநோயும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழற்சி சார்ந்த மரபணு மாறுபாடுகளுக்கும் புராஸ்டேட் புற்றுநோய் அபாயத்துக்கும் தொடர்பு தேடும் இளம் ஆய்வாளர்களின் வரைவுகளைப் படிக்கும்போதெல்லாம், இத்துறை தன் தொடக்கக் காலத்தில் செய்த தவறுகளே மீண்டும் கண்ணில் படுகின்றன. மாதிரிகளை மாற்றிக் குறிப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை ஆய்வகமே திருத்திவிடும்.

ஒப்பீட்டுக் குழுவைப் பிஎஸ்ஏ அளவால் பொறுக்குவது

இரத்தத்தில் அளக்கப்படும் புராஸ்டேட் சுரப்பிப் புரதமான பிஎஸ்ஏ, புற்றுநோயால் மட்டும் உயர்வதில்லை. சுரப்பியில் அழற்சி இருந்தாலும் உயரும். அளவு உயர்ந்தவருக்குத்தான் பெரும்பாலும் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) செய்யப்படுகிறது; அப்போதுதான் அதுவரை எந்தத் தொல்லையும் தராத சிறு புற்றும் வெளிப்படுகிறது. எனவே அழற்சியைத் தூண்டும் ஒரு மாறுபாடு, புற்றை உண்டாக்குவதில் எந்தப் பங்கும் இல்லாமலேயே, நோயாளிக் குழுவில் மிகுந்து காணப்படலாம். பிஎஸ்ஏ மிகக் குறைந்தவர்களை மட்டும் நோயற்றவர்களின் ஒப்பீட்டுக் குழுவுக்கு எடுத்தால் இந்தப் பொய்த் தொடர்பு மேலும் பெருகும்.

நான் மதிப்பிட்ட ஓர் ஆய்வேட்டில் இதுவே நடந்திருந்தது. "நோயற்றவர்கள் என்பது உறுதியாக வேண்டாமா?" என்று மாணவர் கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால் விலக்கப்பட்டவர்களின் இரத்தம் சேமிக்கப்படவில்லை என்பதால், பல ஆண்டு உழைப்பைச் சரிசெய்ய வழியே இல்லாமல் போயிற்று. இது இன்னும் தொடர்வதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனெனில் எச்சரிக்கை பழையது. 2008இல் வெளிவந்த பெரிய மரபணுத்தொகை ஆய்வொன்றில் பிஎஸ்ஏ மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் குறைந்தவர்களே ஒப்பீட்டுக் குழுவில் இருந்தனர். பிஎஸ்ஏவையே உருவாக்கும் கேஎல்கே3 மரபணுவருகே அது கண்ட தொடர்பு, புற்றுநோயைவிடப் பிஎஸ்ஏ அளவையே காட்டியிருக்கலாம் என்ற ஐயம் அதே ஆண்டில் எழுப்பப்பட்டது.

ஒப்பீட்டுக் குழுவினரைப் பிஎஸ்ஏ பாராமல் சேருங்கள். அவர்களுக்குள்ளேயே அந்த மாறுபாடு பிஎஸ்ஏவை உயர்த்துகிறதா என்று பாருங்கள். தீவிர நோயைத் தனியே ஆராயுங்கள். அமெரிக்கப் புராஸ்டேட் புற்றுநோய்த் தடுப்புச் சோதனையில், பிஎஸ்ஏ எதுவாயினும் ஏழாண்டு முடிவில் பயாப்ஸி செய்துகொள்ளுமாறு அனைவரும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். அழற்சிக்கும் தீவிரப் புற்றுக்கும் உள்ள தொடர்பு அங்கு சோதிக்கப்பட்ட தடுப்பு மருந்தைப் பெறாத பிரிவின் திசுக்களில் தெரிந்தது என்பதாலேயே அந்த முடிவுக்கு மதிப்பு அதிகம்.

சிறு மாதிரி, பல மரபணுக்கள்

ஆர்என்ஏசெல், எம்எஸ்ஆர்1, டிஎல்ஆர்4 ஆகிய அழற்சி சார்ந்த மரபணுக்கள் குறித்து 2000களில் வந்த அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. உங்கள் சில நூறு மாதிரிகளும் அந்தக் குவியலில்தான் சேரும். மற்றவர்களுடன் தரவை இணையுங்கள்.

மூதாதை வேறுபாடு

மூதாதையர் வேறுபட்டால் மாறுபாடுகளின் பரவலும் நோயின் பரவலும் வேறுபட்டு, இங்கும் பொய்த் தொடர்பு தோன்றலாம். அந்த வேறுபாட்டுக்குத் திருத்தம் செய்யாத முடிவை எவரிடமும் காட்ட வேண்டாம்.