முதிர்ந்த போர்டோ ஒயினைச் சென்னை வீட்டில் சுவைப்பது எப்படி

பிரான்சின் போர்டோ பகுதியைச் சேர்ந்த மெடோக்கில் கபர்னே சோவின்யோன், மெர்லோ முதலிய திராட்சைகளைக் கலந்து செய்த, 20 ஆண்டு முதிர்ந்த சிவப்பு ஒயின் புட்டி ஒன்று கைக்கு வந்தால், உணவுக்கு முன்பு வெயிலைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்னும் பழைய அறிவுரை ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்கு உரியது. 30 டிகிரிக்குக் குறையாத சென்னைக் கூடத்தில் அப்படிச் செய்தால் ஆல்கஹாலின் நெடி முந்திக்கொண்டு, நுண்ணிய மணங்களை மறைத்துவிடும். இதற்கு 16 முதல் 18 டிகிரியே உகந்தது. முந்தைய நாளே புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, திறப்பதற்குச் சற்று முன்பு வெளியே எடுங்கள். நிமிர்த்தி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துவர்ப்பும் நிறமியும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து வண்டலாகியிருக்கும்; அது அடியில் தங்க ஒரு நாளாவது ஆகும்.

பழைய தக்கை எளிதில் பொடிந்துவிடும் என்பதால் மெல்லத் திருகி எடுங்கள். பிறகு புட்டியின் கழுத்துக்குப் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு வேறொரு கண்ணாடிக் குடுவையில் நிதானமாக வடித்து, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். மணிக்கணக்கில் காற்றாட விடுவது இளம் ஒயினுக்குத்தான் பொருந்தும். முதிர்ந்ததை உடனே ஊற்றிவிட வேண்டும்.

கோப்பையை வெள்ளைத் துணியின் மேல் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். முகர்ந்தால் புகையிலை, பதப்படுத்திய தோல், காளான், ஐப்பசி மழையில் ஊறிய சருகு ஆகியவற்றின் மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இளமையில் வாழைப்பூவைப் போல நாவைப் பிடித்த துவர்ப்பு இப்போது வழுவழுப்பாகியிருக்கும். இந்த மாற்றத்துக்காகத்தான் அத்தனை ஆண்டு காத்திருப்பு என்பதால், முதல் இரண்டு மிடறை உணவின்றி அருந்துவதே முறை என்பேன்.

மிளகாய்க் காரமும் புளியும் இந்த மென்மையைக் குலைத்துவிடும். ஆகவே செட்டிநாட்டுக் குழம்பை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரமும் ஆகாது, ஒயினிலுள்ள இரும்பு மீனோடு சேர்ந்தால் கவிச்சியடிக்கும். மெடோக்கின் போயாக் ஊரார் இளம் ஆட்டிறைச்சியோடு தங்கள் ஒயினை அருந்துவார்கள். நமக்கும் ஆட்டுத் தொடைக்கறியே சிறந்தது: சின்ன வெங்காயமும் சிட்டிகை மிளகும் மட்டும் சேர்த்து, நெய்யில் சிறுதீயில் வேகவிடுங்கள். சைவர்களுக்கு நெய்யில் வதக்கிய காளான் போதும். அதன் மண் மணம் ஒயினின் மணத்தோடு இயல்பாகவே கலந்துவிடும். மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்துவைக்க வேண்டாம், சில மணி நேரத்திலேயே மணம் மங்கிவிடும்.