பிராக்கெட்டுக்கு முன்னாடி மைனஸ் இருந்தா சமன்பாடு எப்படிப் போடறது?

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, போன வாரம் ஒரே கணக்கை நாலு தடவை போட்டும் விடை சரியா வரலைன்னு நோட்டைத் தூக்கிட்டு வந்தா, நானும் போட்டுப் பாத்தேன், எனக்கும் வரல. அரை மணி நேரம் கழிச்சுதான் பிடிபட்டுச்சு. எக்ஸுக்குப் பதிலா க-ன்னு வச்சுக்கறேன்:

7 − 2(க − 3) = 3(க + 1)

முதல்ல பிராக்கெட்டை உடைக்கணும். வலது பக்கம் ஈஸி, 3க + 3. இடது பக்கத்துலதான் மாட்டிக்கிட்டோம். வெளிய நிக்கறது 2 இல்ல, −2. அது உள்ள இருக்கற ரெண்டையும் பெருக்கணும், அப்போ −2க, அப்புறம் −2 × −3 = +6. நாங்க அங்க −6 எழுதியிருந்தோம்.

ஏன் பிளஸ்? கடைல 100 ரூபா குடுக்கறீங்க, பில் 60, அதுல 5 ரூபா தள்ளுபடி. மீதி 100 − (60 − 5), அதாவது 45. பிராக்கெட்டை எடுத்தா 100 − 60 + 5. தள்ளுபடி உங்க கைக்குத்தானே திரும்பி வருது, அதான் பிளஸ். இதச் சொன்னதும் அவளுக்குப் பளிச்சுன்னு புரிஞ்சிடுச்சு.

7 − 2க + 6 = 3க + 3
13 − 2க = 3க + 3
10 = 5க
க = 2

(க-வை எந்தப் பக்கம் கொண்டு போனா பிளஸ்ல இருக்குமோ அந்தப் பக்கமே கொண்டு போங்க.)

இப்போ சரிபாக்கணும், அதுவும் முதல் வரியிலதான். −6 போட்டா க = −2/5 வரும், அதை உடைச்ச வரியில வச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் 1.8 வந்து சரின்னே தோணும்! முதல் வரியில வச்சாதான் 13.8, 1.8-ன்னு தப்பு தெரியும். க = 2 வச்சா ரெண்டு பக்கமும் 9.

போட்டோ எடுத்தா விடை சொல்ற ஆப் ஆரம்பத்துல வேண்டாம்ங்க, கட்டம் போட்ட நோட்டும் சிவப்புப் பேனாவும் போதும், வெளிய இருக்கற எண்ல இருந்து உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு அம்பு போடுங்க, அம்பு மைனஸையும் சேத்துத் தொடணும்.

அப்டேட்: 7 − 2 = 5-ன்னு முதல்லயே கழிச்சு 5(க − 3) ஆக்கலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. கூடாது. அந்த 2 பிராக்கெட்டோட பெருக்கல்ல இருக்கு, பெருக்கல் முடிஞ்சப்புறம்தான் கழித்தல். அப்படிப் போட்டா க = 9 வரும், முதல் வரியில வச்சா இடது −5, வலது 30.