வீடு மாறியபின் அம்மாவுக்கு இல்லம் தேடி வரும் சிகிச்சையை மீண்டும் பெற்ற வழி

பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்த என் தாயாருக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைத்து வந்தன. நாமக்கல்லிலிருந்து அவரைத் திருச்சிக்கு, என் வீட்டிற்கு அழைத்து வந்தபின் இரண்டும் நின்றுவிட்டன. பணியாளர்கள் பகுதிவாரியாகச் செல்வதால், அவருடைய பெயர் பழைய ஊரின் பட்டியலிலேயே இருந்தது.

பழைய சிகிச்சை அட்டை, மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கம், கடைசி மருந்துச்சீட்டு, ஆதார் ஆகியவற்றுடன் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, எங்கள் தெருவுக்குரிய சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைச் சேர்க்கக் கேட்டேன். அழுத்த மாத்திரை ஒரு நாளும் தடைப்படக் கூடாது என்பதால், பதிவு முடியும்வரை தேவையானதை அங்கேயே பெற்றுக்கொண்டேன்; இதை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

மாத்திரை தருபவர் தன்னார்வலர், பயிற்சி தருபவர் இயன்முறை மருத்துவர் என்பதால், இரண்டையும் தனித்தனியே கேட்டதுதான் பலன் தந்தது. படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு வலிநிவாரண ஆதரவுச் செவிலியரையும் இவ்வாறே கேட்கலாம். இயன்முறை மருத்துவர் தினமும் வர இயலாது. ஆகவே அவர் வரும்போது, கை விரல்களை நீட்டுவது முதல் கட்டிலிலிருந்து எழுப்புவது வரை ஒவ்வொன்றையும் அவர் முன்னிலையிலேயே செய்துகாட்டித் திருத்தம் பெற்றுக்கொள்கிறோம். அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே குளியலறைவரை நடக்கிறார்.