பொட்டலம் போடும் கடைக்குச் சொந்த பார்கோடு: 13 இலக்கத்தை அமைக்கும் முறை

மூட்டையில் வரும் துவரம் பருப்பைக் கடையிலேயே எடைபோட்டுப் பொட்டலம் கட்டினால், அதற்கு பார்கோடும் கடையிலேயேதான் போட வேண்டும். தொடங்குவதற்கு முன் ஒன்று தெளிவாக வேண்டும். சோப்பு, பிஸ்கட் உறைகளில் இருக்கும் 13 இலக்கக் கோட்டுக்குள் விலையும் இல்லை, பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எதிரே பில்லிங் மென்பொருளில் நீங்கள் எதைப் பதிந்து வைத்திருக்கிறீர்களோ, அதுதான் பில்லில் வரும். ஒரே சோப்பு பழைய எம்ஆர்பியிலும் புது எம்ஆர்பியிலும் அலமாரியில் இருந்தால், ஸ்கேன் செய்ததும் 'எந்த விலை?' என்று மென்பொருள் கேட்பது இதனால்தான்.

890 என்று தொடங்கும் எண்ணை நீங்களாக உருவாக்காதீர்கள். பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பிடம் பதிவு செய்த நிறுவனங்களுக்கான முன்னெண் அது. (பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சாட்சியும் அல்ல, எண்ணை எங்கே வாங்கினார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். இலங்கைக்கு 479.) கற்பனையாக ஓர் 890 எண்ணை ஒட்டினால், என்றாவது ஒருநாள் அதே எண்ணோடு வேறொரு கம்பெனியின் ஷாம்பு வந்து நிற்கும். கடைக்குள் மட்டும் புழங்கும் எண்களுக்காகவே 20 முதல் 29 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 21 என்று வைப்போம்.

எண்ணைப் பிரிப்பது

முதல் 2 இலக்கம் 21. அடுத்த 5 பொருளின் எண். அதற்கடுத்த 5 கிராமில் எடை. கடைசி 1 சரிபார்ப்பு இலக்கம், மற்ற இலக்கங்களில் தவறு நேர்ந்தால் காட்டிக்கொடுப்பது. துவரம் பருப்பின் எண் 00457, எடை 750 கிராம் என்றால் முதல் 12 இலக்கம் 210045700750.

எடைக்குப் பதிலாக விலையை வைக்கும் கடைகளும் உண்டு. அதில் இரண்டு சிக்கல். பைசாவோடு எழுதினால் 5 இலக்கத்தில் 999.99 ரூபாய்க்கு மேல் போக முடியாது. முந்திரிப் பொட்டலம் எளிதில் அதைத் தாண்டிவிடும். மேலும் விலை ஏறினால், அலமாரியில் இருக்கும் பொட்டலத்துக்கெல்லாம் ஸ்டிக்கர் மாற்றும் வரை பில் பழைய விலைக்கே விழும். எடையை வைத்தால் பில் அன்றைய விலைக்கே போடப்படும், இருப்புக் கணக்கிலும் கிராம் சரியாகக் கழியும். ஆனால் ஸ்டிக்கரில் அச்சான பழைய விலையைக் காட்டி வாடிக்கையாளர் கேட்பார்; விலை மாறும் நாளில் ஸ்டிக்கரை மாற்றுவதுதான் முறை. இருந்தாலும் எடை முறையே மேல்.

சரிபார்ப்பு இலக்கம்

இடமிருந்து ஒற்றை இடங்களில் (1, 3, 5…) இருப்பவற்றைக் கூட்டுங்கள்: 2+0+4+7+0+5 = 18. இரட்டை இடங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: 1+0+5+0+7+0 = 13, பெருக்கினால் 39. மொத்தம் 57. அடுத்த பத்தின் மடங்கான 60-ஐ எட்ட 3 வேண்டும். எனவே முழு எண் 2100457007503. மொத்தமே பத்தின் மடங்காக வந்தால் சரிபார்ப்பு இலக்கம் 0.

ஓர் இலக்கம் தவறினால் இந்தக் கணக்கு கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். அவற்றுக்கு இடையே வித்தியாசம் சரியாக 5 என்றால் மட்டும் தவறவிடும். அதே பருப்பு 500 கிராமுக்கு 2100457005004, 50 கிராமுக்கு 2100457000504. கடைசி இலக்கம் இரண்டிலும் 4! கோடு கிழிந்த பொட்டலத்துக்குக் கல்லாவில் கையால் எண் அடிக்கும்போது 5-ம் 0-வும் மாறினால், அரைக்கிலோ பருப்பு 50 கிராம் விலைக்குப் போய்விடும், கணினி வாயே திறக்காது. கையால் அடித்தால் எடையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எண் எப்படிக் கோடாகிறது

மொத்த அகலம் 95 சம பங்கு. தொடக்கத்தையும் முடிவையும் காட்ட இருபுறமும் 3 பங்கில் காவல் கோடுகள், நடுவில் இரு பாதியையும் பிரிக்க 5 பங்கு, மீதி 84 பங்கில் 12 இலக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 பங்கு. அப்படியானால் பதின்மூன்றாவது எங்கே? முதல் இலக்கத்துக்குத் தனிக் கோடு கிடையாது. இடப்பக்கத்து ஆறு இலக்கங்களையும் இரண்டு வடிவத்தில் வரையலாம்: கருப்புப் பங்குகள் ஒற்றைப்படையில் வரும் வடிவம், இரட்டைப்படையில் வரும் வடிவம். உதாரணமாக 0 என்பது ஒற்றையில் 0001101, இரட்டையில் 0100111 (1 கருப்பு, 0 வெள்ளை). எந்த வரிசையில் கலந்திருக்கிறது என்பதே முதல் இலக்கம். ஒற்றை, ஒற்றை, இரட்டை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்றால் 2. வலப்பக்கம் எல்லாமே இரட்டைப்படை என்பதால், பொட்டலத்தைத் தலைகீழாகக் காட்டினாலும் ஸ்கேனருக்குத் திசை தெரிந்துவிடுகிறது.

அச்சடிப்பது

ஒரு பங்கின் அகலம் 0.33 மி.மீ. என்பது அடிப்படை அளவு. 80 சதவீதம், அதாவது 0.264 வரை குறைக்கலாம். இங்கேதான் பல கடைகள் இடறுகின்றன. கடைகளில் அதிகம் இருக்கும் 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) தெர்மல் பிரின்டரில், அதாவது சூட்டால் அச்சடிக்கும் பிரின்டரில், ஒரு புள்ளி 0.125 மி.மீ. இரண்டு புள்ளி வைத்தால் 0.25, அந்த 0.264-க்கும் கீழே. மூன்று வைத்தால் 0.375, கோடுகள் மட்டும் 35.6 மி.மீ. வரும். இடப்பக்கம் 11 பங்கும் வலப்பக்கம் 7 பங்கும் வெற்றிடம் விட வேண்டும் என்பதால் மொத்தம் 42.4 மி.மீ. ஆக, 50×25 ஸ்டிக்கர் ரோல் வாங்குங்கள். 38 மி.மீ. ரோலில் மூன்று புள்ளி அடங்காது. இரண்டு புள்ளியில் அடித்ததைக் கை ஸ்கேனர் பெரும்பாலும் படித்துவிடும். அச்சு கொஞ்சம் மங்கினால் அதுவும் படிக்காது. கோட்டைப் படமாக ஒட்டி இழுத்துச் சுருக்குவதை மட்டும் செய்யவே கூடாது: சில கோடுகள் இரண்டு புள்ளி, சில மூன்று என்று விழும்.

பொருளின் பெயரை வெற்றிடத்துக்குள் நுழைக்காதீர்கள். சிவப்பு மையில் கோடு வேண்டாம். ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெள்ளையாகவே தெரியும். கருமையை அதிகம் கூட்டினால் கோடுகள் பருத்து இடைவெளி மூடிவிடும். எல்லா ஸ்டிக்கரிலும் ஒரே இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல் வந்தால், பிரின்டர் தலையைத் துடையுங்கள். போகாவிட்டால் அங்கே ஒரு புள்ளி எரிந்திருக்கிறது என்று அர்த்தம். வெயில் படும் அலமாரிக்கு மை ரிப்பன் வைத்து அடித்த ஸ்டிக்கர்தான் நிற்கும். ரிப்பன் இல்லாத தெர்மல் தாள் வெளுத்துவிடும்.

மென்பொருளில்

முன்னெண் 21, பொருள் எண் 3-ஆம் இலக்கத்திலிருந்து 5, எடை 8-ஆம் இலக்கத்திலிருந்து 5, தசமம் 3 (00750 என்பதை 0.750 கிலோவாகப் படிக்க) என்று பதிய வேண்டும். முன்னெண்ணைப் பதியாவிட்டால் ஒவ்வொரு பொட்டலமும் புதுப் பொருளாகத் தெரிந்து, 'பொருள் இல்லை' என்று வரும். தசமத்தை விட்டால் 750 கிலோவுக்கு பில் வரும். எண்களை எக்செலில் வைத்திருந்தால் அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லையென்றால் 13 இலக்கம் சுருங்கிப் போய், சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும்.

ரோல் முழுவதும் அடிக்கும் முன் 50 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று மூன்று ஸ்டிக்கர் அடித்து, கல்லாவில் இருக்கும் அதே ஸ்கேனரில் காட்டி, பில்லில் வரும் எடையைத் தராசோடு ஒப்பிடுங்கள்.