பானை வனையுறவங்க சிற்பத்துக்கு மாறணும்னா, திருகையை விட்டுடாதீங்க

வருஷக்கணக்கா வனைஞ்சவங்க சிற்பம் பண்ணணும்னு கிளம்பினதும் முதல் வேலையா திருகையை, அதாவது பானை வனையுற சக்கரத்தை, ஓரங்கட்டிடறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. அமெரிக்காவுல பீட்டர் வோல்கஸ் ஜாடி, தட்டு செஞ்சு பேர் வாங்கினவர்தான், 1954ல லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வாத்தியாரா போனப்புறம் திருகையில வனைஞ்ச உருளைகளையே வெட்டி அடுக்கி ஒட்டி பெரிய பெரிய சிற்பமா நிக்க வச்சார். நம்ம புதுக்கோட்டை பக்கம் குயவர்களான வேளார்களும் அப்படித்தானே, பானை செய்யுற கைதான் ஐயனார் குதிரையும் செய்யுது.

முதல்ல மண்ணை மாத்தணும். பானை மண்ணு ரொம்ப நைஸ், கனமா கட்டினா காயும்போதே விரிசல் விட்டுடும். உடைஞ்ச பானையை இடிச்சு சலிச்சு, காய்ஞ்ச மண் எடையில 20லேர்ந்து 30 சதவீதம் சேர்த்துப் பிசைங்க. குதிரை செய்யுறவங்க மணலும் உமியும் போடுவாங்க, உமி சூளையில எரிஞ்சு போறதால கனமும் குறையும்.

அடுத்தது அடி இல்லாத உருளையா வனைஞ்சுக்கோங்க, சுவர் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. எல்லாமே பதத்துலதான் இருக்கு: பெருவிரலால அழுத்தினா பள்ளம் விழக்கூடாது, நகத்தால கீறினா கோடு விழணும், அப்போதான் வெட்டி ஒட்டணும். ஒட்டுற ரெண்டு பக்கமும் ஒரே ஈரத்துல இருக்கணும், ரெண்டையும் நல்லா கீறி, அதே மண்ணைக் குழம்பாக்கிப் பூசி, அழுத்தி, உள்பக்கம் ஒரு திரி மண்ணு வச்சு தேய்ச்சு விடுங்க. கீழ்ப்பாகம் இறுகாம மேல ஏத்தாதீங்க, மொத்தமா உக்காந்துரும். இத்தனை வருஷப் பழக்கத்துல கை தன்னால உருண்டையாக்கி வழவழன்னு துடைக்கப் பார்க்கும், விடாதீங்க, பலகையால ஒரு பக்கம் தட்டி கோணலாக்குங்க, அங்கேர்ந்துதான் உருவமே தொடங்குது.

காது, விரல் மாதிரி மெல்லிசான இடம் சீக்கிரம் காயும், அங்க ஈரத்துணி சுத்தி மொத்தத்தையும் பாலிதீன்ல மூடி வாரக்கணக்குல மெதுவா காய விடுங்க. உள்ள மூடிக்கிட்ட இடத்துக்கெல்லாம் ஈரம் வெளிய போக ஒரு ஓட்டை கட்டாயம் வேணும். காத்து அடைச்சாதான் வெடிக்கும்னு சொல்வாங்க, நிஜத்துல வெடிக்க வைக்கிறது உள்ள தங்கின ஈரம் ஆவியாகுறதுதான். அதனால சூளையை 100 டிகிரிக்குக் கீழயே நேரம் எடுத்து வச்சிருந்து, புகை போற வழியில ஒரு கண்ணாடியைக் காட்டிப் பாருங்க, ஆவி படிஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம், தீயை ஏத்தாதீங்க.